யானைக்குச் சாட்சி

ஜெயப்ரியா மேடத்துக்கு எல்லாமே ஐ பிலீவ்தான்.

சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று கேட்டால், "ஐ பிலீவ் சோ" என்பார். நாளைக்கு லீவா என்றால், "ஐ பிலீவ் இட்ஸ் எ ஹாலிடே." புதிதாகச் சேர்ந்த பெண் எந்த ஊர் என்றால், "ஐ பிலீவ் பர்கூர் சைட்." ஹெச்.ஆர். அறைக் கதவு திறந்திருந்தால் அது லைன் வரைக்கும் கேட்கும். வயரிங் லைனில் நின்று வேலை செய்யும் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரேவதி, இன்னைக்கு சாம்பார்ல உப்பு இருக்குதாடி?"

"ஐ பிலீவ்."

"உம் புருசன் நல்லவனாடி?"

"அது மட்டும் கேக்காத. மேடத்துக்கே தெரியாது."

நிர்மலாவும் சிரிப்பாள். அவள் படித்த ஜவளகிரிப் பள்ளிக்கூடத்தில் பிலீவ் என்றால் 'நம்பு' என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாமியை நம்பலாம், டாக்டரை நம்பலாம். சாப்பாட்டு வண்டியை எதற்கு நம்ப வேண்டும் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விளங்கியது. கண்ணால் பார்த்ததற்கு மேடம் அந்தச் சொல்லைப் போடுவதில்லை. வண்டி வாசலில் நின்றால் "வந்தாச்சு" என்பார், அவ்வளவுதான். பார்க்காததற்குத்தான் பிலீவ். ஆலை மேலாளர் ராஜ்குமார் சாருக்கு அது வேறு மாதிரி. மெஷின் உடைந்தால், "ஐ கான்ட் பிலீவ் திஸ்" என்று தலையில் கை வைப்பார். உடைந்தது எதிரிலேயே கிடக்கும். ஸ்டோர் பையன்கள் "பிலீவ் மீ" என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது பொய் என்று எல்லோருக்கும் தெரியும்.

நிர்மலா இரண்டு வருடமாக ட்ரெய்னி. கார்களுக்குள் ஓடும் வயர்களைப் பலகையில் அடுக்கி டேப் சுற்றுகிற வேலை. அந்த மாதக் கடைசியில் அவளைப் பெர்மனென்ட் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும். அப்பன் கரியப்பன் அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ராகிக் கொல்லையில் கூலிக்கு நின்றவர். "எம் பொண்ணு பெர்மனென்ட் ஆவுது" என்று டீக்கடையில் சொல்லும்போது அந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் நிறுத்திச் சொல்வார். அது அந்த வீட்டுக்குள் இதுவரை வராத சொல்.

வேலையில் அவள் மேல் யாரும் குறை சொன்னதில்லை. குறை எல்லாம் யானையில்தான்.

ஐப்பசி பிறந்தால் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டம் இறங்கும். ராகி பால் பிடிக்கிற நேரம் அதற்குத் தெரியும். ஜவளகிரியிலிருந்து தளி வரைக்கும் தம்பி அஜித்குமாரின் வண்டியில் வர வேண்டும். தளியில் ஓசூர்க் கம்பெனி பஸ் நிற்கும். நடுவில் காடு. யானை ரோட்டோரம் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். கலெக்டர் வந்தாலும் நிற்பார். கம்பெனி பஸ் மட்டும் நிற்காது, நேரத்துக்குப் புறப்பட்டுவிடும்.

சொல்லாமல் எடுத்த லீவு மூன்று ஆனால் ட்ரெய்னிக்குப் பெர்மனென்ட் கிடையாது என்பது சட்டம். நிர்மலாவுக்கு இரண்டு ஆகியிருந்தது. இரண்டும் யானை.

"நேத்து யானையா? அப்ப நாளைக்குப் புலியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். லைனில் எல்லோரும் சிரித்தார்கள். காட்டோரத்து ஊர்களிலிருந்து வருகிற மற்றவர்களுக்கும் இதே கதைதான். மேலாளர் மத்தூர்க்காரர். அவர் ஊரில் காட்டுப்பன்றி வரும், மயில் வரும். யானை வராது. வராத ஊர்க்காரருக்கு அது வேலைக்கு வராதவன் சொல்கிற சாக்காகத்தான் கேட்டது.

கடைசியில் ஜெயப்ரியா மேடம்தான் ஒரு வழி சொன்னார். யானையால் வர முடியவில்லை என்றால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். போட்டோ இருந்தால் லீவு, இல்லையென்றால் ஆப்சென்ட்.

சொன்னவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அஞ்செட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும், "மேடம், போட்டோ எடுக்கற தூரத்துல நின்னா, அப்புறம் அனுப்பறதுக்கு நான் இருக்க மாட்டேன்" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

போட்டோக்கள் வர ஆரம்பித்தன.

இடது தந்தம் பாதி உடைந்த ஒரு கொம்பன். பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. தளிக்காரர் ஒருவருக்காக அது ஒரு நாள் வந்தது. அடுத்த வாரம் அஞ்செட்டிக்காரருக்காக வந்தது. பனி மூடிய ஒரு காலையில் ஜவளகிரியிலிருந்து வந்தது. படத்தில் மட்டும் நல்ல வெயில். அதுவரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. நான்காவதாக அது கல்லாவிக்குப் போனபோதுதான் மாட்டிக்கொண்டது.

கல்லாவிக்காரன் மாதவன். ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவன் திங்கட்கிழமை வரவில்லை. ஊத்தங்கரை ரோட்டில் யானை மறித்துவிட்டது என்று போட்டோவோடு அனுப்பினான். ஜெயப்ரியா மேடம் கிருஷ்ணகிரிக்காரர். கல்லாவிச் சந்தைக்கு அவருடைய பெரியம்மா வாரம் தவறாமல் புளி வாங்கப் போவார். அந்த ஊரில் கோயில் யானையைக் கூட அவர் கேள்விப்பட்டதில்லை. பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மாவட்டம் முழுக்க ஒரே யானைதான் அலைந்துகொண்டிருந்தது. போகிற இடமெல்லாம் தண்ணீர்த் தொட்டியையும் தூக்கிக்கொண்டு.

அந்த நான்கில் ஜவளகிரிப் படத்தை அனுப்பியவள் நிர்மலா.

செய்தி லைனுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கை டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்று பேரும் பெர்மனென்ட். திட்டு வாங்கினால் போயிற்று. மாதவனை முதலில் கூப்பிட்டார்கள். "சார், பிலீவ் மீ" என்று அவன் இரண்டாம் தடவை ஆரம்பித்ததும் மேலாளர் கதவைக் காட்டினார் என்று ஸ்டோர் பையன்கள் சொன்னார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களாம். ட்ரெய்னி பொய்ச் சாட்சி கொடுத்தால் எச்சரிக்கை எல்லாம் இல்லை. நேராக வீட்டுக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ரேவதி அவளை ஓரமாக இழுத்தாள்.

"இங்க பாருடி. நான் பாத்தேன்னு சொல்லு. பெருசா நின்னுச்சி, தந்தம் இம்மாம் நீளம், காது வெடிக்கிற மாதிரி பிளிறிச்சின்னு சொல்லு. கை நடுங்கிப் போட்டோ எடுக்க முடியல, அதான் வேற போட்டோன்னு சொல்லு. அழு. அழுதா விட்டுருவாங்க."

"நான் பாக்கலியே, ரேவதி."

"பாக்கலன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? யானை வந்து சொல்லப்போவுதா?"

"ம்."

"என்னாடி ம். சொல்லுவியா?"

நிர்மலா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ரேவதி சொன்னது நல்ல யோசனைதான். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தால் நிற்கும். டீக்கடையில் நிற்கும் அப்பனை நினைத்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் கை கழுவினாள்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

ஹெச்.ஆர். அறையில் ராஜ்குமார் சார் உட்கார்ந்திருந்தார். ஜெயப்ரியா மேடம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். மேலாளர் போனை நீட்டினார். உடைந்த தந்தமும் நீலத் தொட்டியும்.

"இந்த யானை உன்னோடதா?"

"இல்ல சார்."

"பின்ன யாரோடது?"

"தெரியல சார். தம்பி போன்ல இருந்துச்சி. போட்டோ அனுப்பலன்னா ஆப்சென்ட்டுன்னு சொன்னாங்க. அனுப்பிட்டேன்."

"அப்ப பொய்."

"போட்டோ பொய் சார்."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"சாமி நின்னது நெசம் சார்."

"எந்த சாமி?"

நிர்மலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். காட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதன் பேரைச் சொல்லக் கூடாது என்று அவள் ஊரில் வழக்கம். பேர் சொன்னால் கூப்பிட்டது போலாகும். வாயில் பழகியது அறைக்குள்ளேயும் வந்துவிட்டது.

"யானை சார். எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

மேலாளர் ஜெயப்ரியா மேடத்தைப் பார்த்தார். "ஐ கான்ட் பிலீவ் திஸ்" என்றார். பிறகு நிர்மலாவிடம், "சரி, அந்தச் சாமிய நீ பாத்தியா?"

இதுதான் இடம். ரேவதி சொன்ன தந்தம், காது, பிளிறல் எல்லாம் வாய்க்குள் வரிசையாக நின்றன. நிர்மலா வாயைத் திறந்தாள்.

"பாக்கல சார்."

ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாக்கலியா?"

"பனி சார். முன்னாடி போற வண்டியோட லைட்டே தெரியல. பாத்திருந்தா நாங்க ரொம்பக் கிட்டப் போயிட்டோம்னு அர்த்தம்."

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல சார்."

"லத்தி? கால்தடம்? ரோட்டுல ஒடஞ்ச மரம், ஏதாவது?"

"அப்புறம் போறப்ப ரோட்டுல ஒண்ணும் இல்ல சார். வேற பக்கம் எறங்கிப் போயிருக்கும்."

மேலாளர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்புவதில் அவருக்கு ருசி ஒன்றும் இல்லை. தப்பித்துப் போக நான்கு வாசல் திறந்துவிட்டார், நான்கிலும் இவள் போகவில்லை. இனி என்ன செய்வது என்கிற மாதிரி மேடத்தைப் பார்த்தார்.

ஜெயப்ரியா மேடம் நிர்மலா பக்கம் திரும்பினார். இப்போது கேட்டார்.

"பாக்கல, கேக்கல. அப்புறம் எப்படி யானைன்னு சொல்ற?"

"திம்மராயன் அண்ணன் சொன்னாரு மேடம்."

"யாரு?"

"பாரஸ்ட்டு வாச்சர். பெரிய வளைவுல நிப்பாரு. அன்னைக்கு டார்ச்ச ஆட்டி நிறுத்தினாரு. 'பேடா பேடா, ஹோகபேடா. போவாத, சாமி நிக்குது'ன்னாரு. நின்னுட்டோம்."

"அவர் சொன்னா நின்னுடுவீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"பனி வெலகி, வெயிலு வந்து, அவரு போலாம்னு சொல்ற வரைக்கும். எங்களுக்குப் பின்னாடி பால் வண்டி, தக்காளி டெம்போ, பள்ளிக்கூட டீச்சர், எல்லாரும் நின்னாங்க. யாரும் 'எங்க இருக்கு, காட்டு'ன்னு கேக்கல. தம்பி மட்டும் கொஞ்சம் குதிச்சான். 'அக்கா, பஸ் போயிடும். ஒரே முறுக்கா முறுக்கிடறேன்'னான். நான்தான் சாவியப் புடுங்கிக்கிட்டேன்."

"மூணாவது லீவுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா சாவியப் புடுங்கின?"

நிர்மலாவின் ஊரில் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை.

"அவரு நில்லுன்னாரே மேடம்" என்றாள்.



ஜெயப்ரியா மேடம் மேலாளர் பக்கம் திரும்பினார்.

"ஐ பிலீவ் ஹர், சார்."

"வாட்?"

"நான் இவள நம்பறேன்."

"ஜெயப்ரியா, போட்டோ ஃபேக். இவளே ஒத்துக்கறா. யானைய யாரும் பாக்கல. இதுல எதை நம்பறது? அந்த வாச்சர் நம்பர் இருக்கா? ஒரு கால் போட்டுக் கேட்டுடுவோம்."

நம்பர் தன்னிடம் இல்லை என்றாள் நிர்மலா. வாங்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவர் எப்போதும் அங்கேயே நிற்பவர்.

"நம்பர் கெடச்சாலும் என்ன சார்?" என்றார் மேடம். "ஆமா, யானை நின்னுச்சின்னு அவர் சொல்லுவார். அப்ப அவரை நம்பணும். எங்கயோ ஒரு எடத்துல ஒருத்தரை நம்பித்தானே ஆகணும். அவரை நான் பாத்ததே இல்ல. இவள ரெண்டு வருசமாப் பாக்கறேன்."

"போட்டோ அனுப்பி ஏமாத்தினவ இவ."

"போட்டோ கேட்டது நான் சார். அது என் தப்பு. யானைக்கு முன்னாடி போய் நின்னு படம் எடுன்னு நான் சொல்லியிருக்கேன். இவ தம்பி அப்படிப் போயிருந்தா இன்னைக்கு நாம எங்க உக்காந்திருப்போம்?"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நாளைக்கு இது பொய்னு தெரிஞ்சா?"

"என் பேரைச் சொல்லுங்க."

"உன் பேரைத்தான் சொல்லுவேன்."

"சரிங்க சார்."

நிர்மலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் மேடம் எத்தனையோ தடவை பிலீவ் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சாப்பாட்டு வண்டிக்காக அவர் ஒருநாளும் தன் பேரைப் பணயமாக வைத்ததில்லை. கண் கலங்கியது. அழச் சொல்லித்தான் ரேவதி அனுப்பினாள். இப்போது அழுதால் அந்த அழுகையாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"போ. போய் வேலையப் பாரு" என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை. "உங்கூரு சாமிகிட்ட சொல்லு, மாசக் கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் வர வேணாம்னு."

நிர்மலா வெளியே வந்தாள். ஜெயப்ரியா மேடம் பின்னாலேயே வந்தார், தண்ணீர் பிடிக்க. நிர்மலா நன்றி சொல்ல வாயெடுத்தாள். வேறொன்றுதான் வந்தது.

"எப்படி மேடம் நம்பினீங்க?"

மேடம் பாட்டிலை நிரப்பிக்கொண்டே சொன்னார். "காலையில இருந்து மூணு பேர் இந்த ரூமுக்கு வந்தாங்க. மூணு பேரும் யானையப் பாத்தவங்க. ஒருத்தன் தந்தம் எவ்வளவு நீளம்னு கைய விரிச்சுக் காட்டினான். மாதவன் அதோட கண்ணு செவப்பா இருந்துச்சின்னான். பாக்கலன்னு சொன்னது நீ ஒருத்திதான்." மூடியைத் திருகினார். "இனிமே போட்டோ எல்லாம் வேணாம். போன் பண்ணிச் சொல்லு. போதும்."

"சரிங்க மேடம்."

"அந்த வாச்சர் சொன்னா நில்லு. வண்டிய முறுக்காத."

"சரிங்க மேடம்."

லைனுக்குத் திரும்பியதும் ரேவதி கிசுகிசுத்தாள். "என்னாடி, தந்தம் எவ்ளோ நீளம்னு சொன்ன?"

"சொல்லல."

"அழுதியா?"

"இல்ல."

"அடிப்பாவி. அப்புறம் எப்படி விட்டாங்க?"

"மேடம் நம்பிட்டாங்க" என்றாள் நிர்மலா. டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். ரேவதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பலகைக்குப் போனாள்.

மாதக் கடைசியில் பெர்மனென்ட் ஆயிற்று. கரியப்பன் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார். அம்மா ஜோதியம்மாள் மகளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள், கம்பெனிக்கும் சேர்த்துச் சுற்றினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்மலா தம்பியை வண்டி எடுக்கச் சொன்னாள். பெரிய வளைவில் திம்மராயன் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பாதித் தமிழும் பாதிக் கன்னடமும் பேசுகிற ஆள். காக்கிச் சட்டைக்கு மேல் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு.

"ஏனம்மா, இன்னைக்கு லீவு தானே? எங்க?"

"உங்களப் பாக்கத்தான் அண்ணா."

நடந்ததை எல்லாம் சொன்னாள். யாரும் பார்க்காத யானை, கேட்ட கேள்விகள், மேடம் தன் பேரை வைத்தது. திம்மராயன் பீடியை மறந்து கேட்டார்.

"ஓசூர் கம்பெனில எம் பேச்ச நம்பினாங்களா?"

"உங்க பேச்ச நான் நம்பினேன் அண்ணா. என் பேச்ச அவங்க நம்பினாங்க."

திம்மராயன் வாய்விட்டுச் சிரித்தார். மரத்தில் இருந்த காக்கை எழுந்து போனது.

"ஐயோ பாப்பா. அன்னைக்கு நானே பாக்கலியே."

அஜித்குமார் வண்டியிலிருந்து இறங்கிவிட்டான். "என்னது?"

"பனில நான் மட்டும் எப்படிப் பாக்கறது? அந்தப் பாறை மேல இருந்தேன், வெங்கடப்பன் போன் போட்டான். அந்தப் பக்கத்து வாச்சர், கர்நாடகா. எட்டு உருப்படி உன் பக்கம் எறங்குது, ரோட்டை மூடுன்னான். மூடிட்டேன்."

"அவரு பாத்தாராண்ணா?" என்று கேட்டாள் நிர்மலா.

"நான் கேக்கலியே. கேட்டா அவன் என்னா நெனைப்பான்?"

அஜித்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அன்னைக்கு சாமி இருந்துச்சா, இல்லியா? எவன்தான் பாத்தது? இதுக்கா என் சாவியப் புடுங்கின?"

மேடம் வைத்த பேர் நிர்மலாவின் ஞாபகத்துக்கு வந்தது. அது இத்தனை ஆட்கள் கை மாறி, மலைக்கு அந்தப் பக்கம், அவள் பார்த்தே இராத ஓர் ஆளிடம் போய் நின்றுகொண்டிருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியைத் தள்ளிக்கொண்டு, கோபமாக, முழுசாக நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, அவருக்குப் போன் போட முடியுமா?"

"வெங்கடப்பனுக்கா? எதுக்கம்மா?"

"போடுங்களேன்."

அந்த வளைவில் சிக்னல் கிடையாது. பக்கத்துப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும். திம்மராயன் ஏறினார், பின்னால் அவளும் ஏறினாள். அவர் கன்னடத்தில் சத்தமாக என்னவோ பேசினார். 'ஓசூர்', 'கம்பெனி', பெண் என்கிற 'ஹுடுகி' ஆகிய சொற்கள் மட்டும் அவள் காதில் விழுந்தன. போனைக் கொடுத்தார்.

"யாரம்மா நீனு?" என்றது அந்தப் பக்கக் குரல். வயதான குரல், கரகரப்பு.

என்ன சொல்வது என்று யோசித்தாள். நடந்ததை முதலிலிருந்து சொல்ல அவளுக்கு அவ்வளவு கன்னடம் வராது.

"ஜவளகிரிங்க. அன்னைக்குப் பனில, நீங்க சொன்னத நம்பி நின்னவங்க. நல்லா இருக்கோம். அதச் சொல்லத்தான்."



அவர், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று.

"ஆச்சுங்க" என்றாள் நிர்மலா.

இன்னும் ஆகவில்லை. அவர் நம்பிவிட்டார்.